வலப்பக்கச் சைலன்சரின் கோடு

“அது கம்பெனி சைலன்சர் இல்லம்மா.”

இப்ராஹிம் பாய் இதைச் சொன்னபோது என் வாய் நிறைய அவல் உப்புமா. புனேயில் அதற்குப் போஹா என்று பெயர். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சிஞ்ச்வாடில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. மைதானம் முழுக்கப் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. பெட்ரோலோடு ஆயில் எரிந்த வாடை போஹாவின் கொத்தமல்லி வாசனையோடு கலந்து மூக்கில் ஏறியது. மேடையில், கழுத்தில் சாமந்தி மாலையோடு, ஒரே ஒரு வண்டி தனியாக நின்றது. அது எங்கள் வண்டி. என் கணவர் சண்முகம் பல வருடங்களுக்கு முன்னால் இந்த இப்ராஹிம் பாயிடமிருந்து வாங்கியது.

பாய் ஆம்பூர்க்காரர். கட்கியில் ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். மேடையில் நிற்கும் வண்டியை ஷோரூமிலிருந்து முதலில் ஓட்டி வந்தவர் என்ற பெருமைக்காக அவருக்குச் சால்வையும் தேங்காயும் தர ஏற்பாடு. சால்வை வாங்கிக்கொண்டு மைக்கில் இரண்டு வார்த்தை பேசவேண்டும்.

“சைலன்சரப் பத்தித்தான் பேசணும்னு சொல்றாங்க. நான் இன்னாத்தம்மா பேசறது? அது ரெண்டும் நானா பேட்டுல ஒரு பட்டறைல நான் செய்யச் சொல்லி மாட்டினதாச்சே.”

மேடைக்குக் கீழே என் கணவர் கையில் டார்ச்சோடு குனிந்து யாருடைய சைலன்சரையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் ‘தலைமை நடுவர்’ என்று ஒரு பட்டை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் போஹாத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு சைலன்சருக்கா இத்தனை கலக்கம் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும்.

பார்த்ததெல்லாம் ரிஜெக்ட்

என் கணவர் ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் காலம் தள்ளியவர். அங்கே ‘மாஸ்டர் சாம்பிள்’ என்று ஒன்று இருக்கும். சரியான பாகம் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி ஒன்றைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அதோடு ஒப்பிடுவார். ஒத்துப்போனால் பாஸ். இல்லாவிட்டால் ரிஜெக்ட். யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. மாஸ்டரோடு ஒத்துப்போகிறதா, அவ்வளவுதான் கேள்வி.

தொழிற்சாலைக்கு இது நல்லது. வீட்டுக்கு நல்லதில்லை. நான் மத்திய அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, வீட்டுக்கு வந்து சப்பாத்தி இட்டால், அதில் ஓரம் தடித்திருக்கிறது என்பார். ‘மண்டயி’ எனப்படும் இங்கத்துக் காய்கறிச் சந்தையில், கத்தரிக்காயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுழற்றுவார். எங்கள் மகளுக்கு வந்த வரன்களையும் அப்படித்தான் சுழற்றினார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஆய்வுக்கு வராமலே டெலிவரி ஆன ஒரே பாகம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் கஷ்டம். ரிஜெக்ட் செய்ய எதுவும் இல்லாமல் மனிதர் வாடிப்போனார். பால்கனியில் நின்று கீழே நிற்கும் கார்களை யார் எவ்வளவு கோணலாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். சொல்லுவார். கேட்க யாரும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் எழுந்து போக ஆரம்பித்தார். அப்போதுதான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததுதான் டூ ஸ்ட்ரோக் மித்ர மண்டல்.

பல் டாக்டரின் கண்ணாடி

மித்ர மண்டல் என்றால் நண்பர்கள் குழு. இவர்களை ஒன்று சேர்த்த வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் ‘அதில் எந்த மாடல்?’ என்று கேட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போன் வரும். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். அதைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலமாகிறது. சந்தேகம் கேட்க ஆளில்லை. ஆளில்லாத இடத்தில்தானே நிபுணர்கள் முளைப்பார்கள்?

தலைவர் ஒரு பல் டாக்டர். உறுப்பினர்களில் பாதிப்பேர் கராடி, சாகண் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். வாரம் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீலப் புகையை இழுத்தால்தான் அவர்களுக்கு உயிர் வரும். எல்லோருக்கும் ஒரே ஆசை. வருடாந்தரக் கண்காட்சியில் ‘முழு ஒரிஜினல்’ கோப்பை வாங்கவேண்டும்.

இந்த ஆசைக்கு முட்டுக்கட்டை சைலன்சர். டூ ஸ்ட்ரோக் வண்டியில் முதலில் கெட்டுப்போவது அதுதான். உள்ளே கரி அடைக்கும், வெளியே துரு தின்னும். இத்தனை காலத்தில் எல்லோரும் ஒருமுறையாவது லோக்கல் குழாய் ஒன்றை மாட்டியிருப்பார்கள். எது கம்பெனிக் குழாய், எது லோக்கல் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. வாகனத் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்தவர் என்று தெரிந்ததும் என் கணவரை மாலை போடாத குறையாக அழைத்துப் போனார்கள்.

இவர் முதல் நாளே கேட்டார். “மாஸ்டர் சாம்பிள் எங்கே?”

யாரிடமும் இல்லை. “அப்போ என் வண்டிதான் மாஸ்டர்” என்றார். முதல் சொந்தக்காரரிடமிருந்து நேராக வாங்கியது, வாங்கின நாளிலிருந்து அதில் ஒரு திருகைக்கூட மாற்றியதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு தோசை கூடக் கேட்டார். சட்னியில் காரம் போதவில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சைலன்சர் தவிர வேறு பேச்சில்லை. குரோம் பூச்சு எந்த நிறத்தில் மங்கவேண்டும், சுண்டினால் எந்த மாதிரிச் சத்தம் வரவேண்டும், வால்பகுதி எவ்வளவு குறுகவேண்டும், எல்லாவற்றுக்கும் விதி எழுதினார். குழாயின் உள்பக்கத்தைப் பார்க்கப் பல் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மறுபடி கிளினிக்கில் பயன்படுத்தினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் பல்வலி வந்தபோது வேறு டாக்டரிடம் போனேன்.

போக்குவரத்துப் போலீஸ்காரர்கள், காதைக் கிழிக்கும் சைலன்சர்களைப் பறித்து ரோட்டில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றும் வீடியோ ஒன்று சுற்றி வந்தது. ஊரே சிரித்துப் பார்த்தது. இவர் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நசுங்குவதில் நல்லது ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

விதிகளில் முக்கியமானது, கோடு. தகட்டை வளைத்துக் குழாயாக்கிப் பற்றவைத்த இடத்தில் நெடுக ஒரு கோடு ஓடும். எங்கள் வண்டியில் இடப்பக்கச் சைலன்சரின் கோடு சக்கரத்தைப் பார்த்து உள்ளே இருக்கும். வலப்பக்கத்தினுடையது வெளியே, பார்க்கிறவர் கண்ணில் படும்படி இருக்கும்.

“வலது பக்கம் பிரேக் மிதி இருக்குல்லா? அங்கன காத்து வேற மாதிரிப் போவும். சூடு தாங்கணும்னு யோசிச்சுதான் கம்பெனிக்காரன் கோட்ட வெளிய வச்சிருக்கான். எப்பேர்ப்பட்ட மூளை பாத்தியா!” என்று என்னிடம் விளக்கினார். ரெண்டு கோடும் உள்ளே இருந்தால் அது யோசிக்கத் தெரியாத லோக்கல் பட்டறை வேலை. ரிஜெக்ட்.

போசரியில் ஒரு பட்டறைக்காரர் இந்த விதிகளைக் கேள்விப்பட்டு, எங்கள் சைலன்சரை அளவெடுத்துக்கொண்டு போய், அச்சு அசலாக அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார். வலப்பக்கக் கோடு வெளியே இருக்கும்படியாக. மாஸ்டரோடு ஒத்துப்போனதால் இவர் அதையெல்லாம் பாஸ் செய்தார். மண்டலில் பாதிப்பேர் தங்கள் பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டார்கள்.

தேஷ்பாண்டேயின் பாபா

அப்படி மாற்றிக்கொண்டவர்களில் ஒருவர் தேஷ்பாண்டே. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய வண்டி அவர் அப்பா புதிதாக வாங்கியது. மராத்தியில் அப்பாவை பாபா என்பார்கள். கண்காட்சிக்கு முதல் தடவை அதைக் கொண்டுவந்தபோது நானும் இருந்தேன். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்.

இவர் குனிந்தார், டார்ச் அடித்தார், நிமிர்ந்தார். “ரெண்டு கோடும் உள்ளே இருக்கிறது. லோக்கல். ரிஜெக்ட்.”

“பாபா ஷோரூமிலிருந்து நேராக எடுத்தது, சார். மாற்றியதே இல்லை.”

“அப்படியானால் ஷோரூம்காரன் உங்கள் பாபாவை ஏமாற்றியிருக்கிறான்” என்று இந்தியில் கூசாமல் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடமும் அதே வண்டி, அதே குழாய், அதே பதில். அதற்கடுத்த வருடம் தேஷ்பாண்டே குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, போசரிக் குழாய்களை மாட்டிக்கொண்டு வந்தார். நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை அதுதான். ‘முழு ஒரிஜினல்’ கோப்பை இந்த முறை அவருக்கு என்று முடிவாகிவிட்டது. கோப்பையில் பெயரைக்கூடப் பொறித்தாகிவிட்டது.

இப்போது இப்ராஹிம் பாயிடம் வருகிறேன்.

கட்கி வரைக்கும் வெடிச் சத்தம்

“வாங்கி ஒரு வருசம்கூட ஆவலம்மா” என்றார் பாய். “கேம்ப் ஏரியால சினிமாவுக்குப் போயிருந்தேன். படம் உட்டு வெளிய வந்தா வண்டி நிக்குது, சைலன்சர் ரெண்டும் இல்ல. எவனோ கழட்டினு போயிட்டான். அப்படியே ஸ்டார்ட் பண்ணி வூட்டுக்கு வந்தேன். என்னா சத்தம்ன்ற! கட்கில அல்லாரும் எங்க ஃபேக்டரிலதான் ஏதோ வெடிச்சிப்போச்சின்னு வெளிய ஓடியாந்துட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்புறம்?”

“நானா பேட்டுல ஒரு வெல்டர் செஞ்சி குடுத்தான். அவங்கிட்ட அச்சு ஒண்ணுதான் இருந்திச்சி, லெப்ட் சைடு அச்சு. அதுலயே ரைட்டையும் அடிச்சிட்டான். அதாம்மா கோடு வெளிப்பக்கமா திரும்பிக்கிச்சி. போனாப் போவுது, புகை வந்தாச் சரின்னு உட்டுட்டேன்.”

“இவர்கிட்ட வித்தப்போ சொல்லலையா?”

“கேக்கலியேம்மா. நாள் பூரா வண்டியப் பாத்தாரு. டயர அளந்தாரு, செயின அளந்தாரு, ஸ்பிரிங்க அளந்தாரு. சைலன்சரப் பாத்து, ‘கோடு வெளிய இருக்கே, நல்ல வேலைப்பாடு’ன்னு அவரே சொன்னாரு. சரிதான்னுட்டேன்.”

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “சொல்லக்கூடாத விசயமா? நான் வாணா வண்டி நல்லா ஓடும்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. பால்கனியில் பேச ஆளில்லாமல் நின்ற மனிதரை நான் மறக்கவில்லை. இந்த மண்டல் போனால் அவர் திரும்பவும் அந்தப் பால்கனிக்குத்தான் போவார். ஆனால் முன்வரிசையில் தேஷ்பாண்டே இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு, கோப்பை வாங்கத் தயாராக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்துபோய் இவரை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பாய் சொன்னதை அப்படியே சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். மேடை ஏறி, மாலை போட்ட வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, வலப்பக்கச் சைலன்சரின் கோட்டை நுனியிலிருந்து வால் வரைக்கும் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“ஏளா, எதுக்கெடுத்தாலும் நூறு கேள்வி கேப்பேன். இத மட்டும் ஏன் கேக்காம விட்டேன்?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கமிட்டியின் ஒருமித்த முடிவு

அவர் நேராக மைக்குக்குப் போனார். இந்தியில் பேசினார். அவருடைய இந்தி திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு இன்னும் புனே வந்து சேராத இந்தி, ஆனால் அன்று எல்லோருக்கும் புரிந்தது.

“நான் மாஸ்டர் என்று வைத்தது கம்பெனிச் சைலன்சர் அல்ல. லோக்கல். அதனால் இத்தனை வருடம் நான் சொன்ன தீர்ப்பெல்லாம் தலைகீழ். நான் ரிஜெக்ட் செய்ததில்தான் நல்லது இருந்தது. பாஸ் செய்தது எல்லாம் தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.”

முதலில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல் டாக்டர் ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டு, மைக்கை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டார்.

“சண்முகம் சாரின் நேர்மையைப் பாருங்கள்! தன் வண்டியையே சந்தேகப்படுகிற மனிதர்! இவரைவிட நல்ல நடுவர் நமக்குக் கிடைப்பாரா?”

கமிட்டி பந்தலின் மூலையில் கூடியது, உடனே கலைந்தது. ஒருமித்த முடிவு வெளியானது. விதிகள் வழக்கம்போல் நீடிக்கும். பாதிப்பேர் செலவழித்துக் குழாய் மாற்றியாகிவிட்டது, கோப்பையிலும் பெயர் பொறித்தாகிவிட்டது, எனவே எங்கள் சைலன்சர் ஒரிஜினல்தான். பெரியவர் இப்ராஹிம் பாய்க்கு வயதாகிவிட்டதால் ஞாபகம் சற்று முன்பின்னாக இருக்கலாம். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள், தேங்காய் கொடுத்தார்கள், மைக்கை மட்டும் கொடுக்கவில்லை.

“எனக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்குது” என்று பாய் தேங்காயிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

கராடிப் பையன் ஒருவன் என்னிடம் ஓடிவந்தான். வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிற பிள்ளை. “ஆன்ட்டி, அப்போ அங்கிளோட சைலன்சர் நானா பேட்டோட ஃபர்ஸ்ட் பீஸா? அது இன்னும் ரேர் இல்ல? அங்கிள் குடுப்பாங்களா?” என்று கேட்டான். அன்று சாயங்காலத்துக்குள் மண்டலின் வாட்ஸ்அப்பில் நானா பேட் சைலன்சரின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

தேஷ்பாண்டே கோப்பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். கூட்டத்தோடு போகாமல் எங்களிடம் வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நீங்கள் முதல் தடவை ரிஜெக்ட் சொன்னீர்களே, அன்றைக்கு வீட்டுக்குப் போய் பாபாவிடம் சொன்னேன். அப்போது அவர் இருந்தார். ‘ஷோரூம்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் பாபா’ என்றேன். வெகுநேரம் யோசித்தார். ‘இருக்கலாம்’ என்றார். அதற்கப்புறம் அந்த வண்டியைத் துடைக்கக் கீழே இறங்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.”

கோப்பையை எங்கள் வண்டியின் சீட்டின்மேல் வைத்துவிட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டினார். ஸ்டார்ட்கூட செய்யவில்லை.

ஜூனா பஜாரில்

மண்டல் இவரை விடவில்லை. அடுத்த வருடத்துக்கும் நடுவர் நீங்கள்தான் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். இவர் போகவில்லை. பால்கனிக்கும் போகவில்லை. தேஷ்பாண்டேயின் குழாய்களை வாங்கிய பழைய இரும்புக்காரரைத் தேடிக்கொண்டு போனார். அவர் கைகாட்டிய கிடங்குக்குப் போனார், அங்கிருந்து இன்னொன்றுக்கு. கடைசியில், போகிற பழசெல்லாம் வந்து சேருகிற இடம் என்று ஜூனா பஜாரில் போய் நின்றார். புனேயின் பழைய பொருள் சந்தை அது. வெயிலில் சாக்கை விரித்து, துருப்பிடித்த உலகத்தையே அதன்மேல் கொட்டி வைத்திருப்பார்கள்.

சில வாரம் தனியாகத் தேடினார். பிறகு வெட்கத்தை விட்டுத் தேஷ்பாண்டேக்குப் போன் செய்தார். “என்னால் அடையாளம் சொல்ல முடியாது. நீங்கள் வரவேண்டும்” என்றார். “பார்க்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேஷ்பாண்டே வந்தார்.

சந்தைக்கு நானும் கூடப் போகிறேன், குடையும் தண்ணீர் பாட்டிலுமாக. இவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு சைலன்சரை உருவி, மண்ணைத் துடைத்து, திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். டார்ச் இல்லை, கண்ணாடி இல்லை, கோடு எந்தப் பக்கம் என்று பேச்சே எடுப்பதில்லை. ஒருமுறை மலைப்பாதையில் வண்டி விழுந்தபோது பாபா கம்பி சுற்றிக் கட்டிய தழும்பு ஒன்று அவர்களுடைய பழைய குழாயில் இருக்குமாம். அது தேஷ்பாண்டே கைக்குத்தான் தெரியும்.

தேஷ்பாண்டே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்.

“ஹே நாஹி” என்கிறார். இது இல்லை.

இவர் மறுபேச்சில்லாமல் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக் காட்டுகிறார்.